நெப்போலியனுக்கு மீசை முளைத்த கதை

நெப்போலியன் செத்து நூறு வருஷம் ஆனதைக் கொண்டாடுவதற்கென்றே ரங்கூனில் ஒரு சபை இருந்தது. அந்த மனுஷன் உயிரோடு இருந்த காலத்தில் ரங்கூனுக்கு ஒரு நல்லதும் செய்ததில்லை, கெட்டதும் செய்ததில்லை. இப்படி ஓர் ஊர் இருப்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். இருந்தாலும் 1921-ஆம் வருஷம் மே மாதம் அவனுக்கு நூறாவது திவசம் வருகிறதென்று யாரோ ஒரு துரை கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். துரை சொன்ன பிறகு கொண்டாடாமல் இருக்க முடியுமா?

சபையின் பெயர் 'ராஜ மரண முக பரிபாலன சபை'. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். சீமையில் பெரிய ராஜா யாராவது செத்துப்போனால், முகத்தில் எண்ணெய் தடவி, பாரிஸ் சாந்தை அப்பி, அச்செடுத்துக்கொள்வார்கள். அந்த அச்சில் மறுபடி சாந்தை வார்த்தால் செத்தவன் முகம் அப்படியே வெள்ளை வெளேரென்று வந்துவிடும். அதிலிருந்து இன்னொன்று, அந்த இன்னொன்றிலிருந்து மற்றொன்று என்று வார்த்துக்கொண்டே போவார்கள். கடைசியில் ஊருக்கு ஒரு முகம் இருக்கும். ஒவ்வோர் ஊர்க்காரனும் 'என்னிடம் இருப்பதுதான் அசல்' என்று மார்தட்டுவான். இந்தச் சண்டையில் ரங்கூனுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பதே சபையின் லட்சியம்.

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மரக் கம்பெனியின் மாடி மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக முகங்களை வரவழைத்திருந்தார்கள். மூக்குக்குப் பக்கத்தில் மருவோடு குரோம்வெல் வந்தார். பிரஷ்ய தேசத்து பிரெடரிக் கன்னம் ஒட்டிப்போய் வந்தார். கடைசியாக, வைக்கோல் மெத்தையில் நெப்போலியன் வந்தான்.

இந்தச் செத்த ராஜாக்களுக்கு உயிருள்ள ஒரே சேவகன் குழந்தைவேலு. அவனுக்குத் தர்வான் உத்தியோகம். வாசலைக் காப்பது, கூட்டுவது, துரைகள் வந்தால் குடையை வாங்கிவைப்பது எல்லாம் அதில் அடக்கம். தினம் காலையில் கோழிச்சிறகால் முகங்களைத் தூசி தட்ட வேண்டும். தட்டுவதற்கு முன் ஒவ்வொரு முகத்துக்கும் குனிந்து ஒரு சலாம் வைக்க வேண்டும். அதற்கப்புறம் ஆஜர் எடுப்பார்கள். சபையின் காரியதரிசி ராஜரத்தினம், தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ராஜாக்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். ராஜாக்கள் வாய் திறக்க முடியாத நிலையில் இருப்பதால் அவர்களுக்காகக் குழந்தைவேலு பதில் சொல்ல வேண்டும்.

"குரோம்வெல்?"

"ஆஜர், எஜமான்."

"பிரெடரிக்?"

"ஆஜர், எஜமான்."

எந்த ராஜாவும் ராத்திரியில் எழுந்து ஓடிப்போய்விடவில்லை என்று ஊர்ஜிதம் செய்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. முதல் வாரம் குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. வயிற்றுப்பாடு என்று வந்துவிட்டால் மனுஷன் எதற்குத்தான் ஆஜர் சொல்லமாட்டான்!

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில்தான் சனி பிடித்தது. நெப்போலியன் முகத்தின் மேல் ஒரு பட்டுத்திரை. அதைத் தலைவர் துரை இழுத்துத் திறப்பதாக ஏற்பாடு. துரை எப்படி இழுக்க வேண்டும் என்பதை முன்னாடியே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ராஜரத்தினத்துக்குத் தோன்றியது. ஒரு காலை முன்னே வைத்து, மார்பை நிமிர்த்தி, கம்பீரமாக ஓர் இழுப்பு இழுத்தார். திரை வந்தது. திரையோடு ஆணி வந்தது. ஆணியோடு சக்கரவர்த்தியும் வந்து தரையில் விழுந்து நாலு துண்டானார்.

ராஜரத்தினம் துண்டுகளைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் திரும்பி, "குழந்தைவேலு, என்ன காரியம் செஞ்சே!" என்றார்.

"நானா? எஜமான்தானே துணியை இழுத்தீங்க!"

"நான் காரியதரிசி. சபைச் சொத்தைக் காரியதரிசி உடைக்கிறதுக்கு விதியில இடம் கிடையாது. இந்த ரூமுல இருக்கிறது நாம ரெண்டு பேரு. மிச்சம் யாருன்னு நீயே யோசிச்சுப் பாரு."

குழந்தைவேலு யோசித்துப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ராஜரத்தினம் அங்கேயே நின்றபடி ஒரு புது விதியும் போட்டார்: 'சபைக் கட்டடத்துக்குள் எந்த ராஜ முகமும், அசலானாலும் போலியானாலும், உடைபடலாகாது.' விதி போட்டதும் பாதி உடைசல் ஒட்டிவிட்டது போல அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மீதிப் பாதியைக் குழந்தைவேலுவிடம் விட்டார்.

"நாளைச் சாயந்திரம் சுவத்துல நெப்போலியன் இருக்கணும். இல்லேன்னா வாசல்ல நீ இருக்கமாட்டே. போ."

உடைந்த துண்டுகளைத் தோள் துணியில் முடிந்துகொண்டு குழந்தைவேலு லத்தாப் பேட்டைக்கு ஓடினான். அங்கே சீனக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் முத்து முகம்மதுவின் பட்டறை இருந்தது. பணக்கார வீடுகளின் கூரைக்குச் சாந்தில் பூவும் கொடியும் சிங்கத்தலையும் வார்த்துக் கொடுப்பது அவர் தொழில். குழந்தைவேலுவின் மாமனாருக்கு உயிர்ச் சிநேகிதர்.

முத்து முகம்மது துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். "ஒட்டிரலாம், மாப்ளே. ஆனா இந்தப் புழுக்கத்துல ஒட்டு காயணுமே. நாலஞ்சு நாளு ஆகும். ஈரத்தோட தூக்கி மாட்டுனா மறுபடியும் விழுவான். யாரு இவன், மொதலாளியோட அப்பனா?"

"யாரோ ராஜாவாம், மாமா. நாளைக்குச் சாயந்திரம் சுவத்துல ஒரு வெள்ளை மூஞ்சி தொங்கலேன்னா என் வேலை போயிரும்."

இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது. யார் முதலில் சொல்வது என்றுதான் தயக்கம்.

குழந்தைவேலு வீட்டில் ஒரு வெள்ளை முகம் இருந்தது. அது அவன் மாமனார் செல்லக்கண்ணுவின் முகம். துறைமுகத்தில் கிரேன் மேஸ்திரியாக இருந்தவர். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று கேமராவைக் கண்டால் காத தூரம் ஓடுவார். ஆயுசு அப்படியும் குறைந்துவிட்டது. போன வைகாசியில் காய்ச்சலில் போனார். ஒரே மகள் கனகாம்பாள் அப்போது நாத்தனார் பிரசவத்துக்காக மோல்மேன் போயிருந்தாள். கப்பல் வந்து அவள் இறங்குவதற்குள் உடம்பு தாங்காது என்று எடுத்துவிட வேண்டியதாயிற்று. கடைசி முகத்தைக்கூட அந்தப் பிள்ளை பார்க்க முடியாதே என்று முத்து முகம்மது தேம்பினார். தேம்பிக்கொண்டே பட்டறைக்கு ஓடிப்போய்ச் சாந்து வாளியோடு திரும்பி வந்தார். அதற்குள் பெரியவர்கள் சிநேகிதருக்கு வாய்க்கட்டுக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டியாகிவிட்டது. அவர் அப்படியே அச்செடுத்தார்.

நெற்றிக் காசும், வாய்க்கட்டுத் துணியின் தடமும், கடுக்கன் போட்ட காதின் துளையும், படர்ந்த மீசையும் அத்தனையும் சாந்தில் வந்துவிட்டன. மீசை ஓரத்தில் நிஜமான நரைமுடி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மோல்மேனிலிருந்து வந்த கனகாம்பாள் அந்த முகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் அழுதாள். தினம் விளக்கேற்றும்போது அந்த ஒற்றை முடியை விரல்நுனியால் தொட்டுப் பார்ப்பாள். அவளுக்கு அப்பா என்று மிஞ்சியது அவ்வளவுதான்.

"ஒரே ஒரு சாயந்திரம்தான்" என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னான் குழந்தைவேலு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

கனகாம்பாள் அப்பாவின் முகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தசமிக்கு அப்பாவுக்குத் தலைத் திதி. நெனப்பு இருக்குதா?"

"இருக்கு. அதுக்கு இன்னும் நாள் இருக்கே. நாலஞ்சு நாளுல அந்த ராஜா காஞ்சிருவான். அவனை மாட்டிட்டு மாமாவைக் கூட்டியாந்திருவேன்."

"அப்பா மொகம் இல்லாம நான் யாருக்குங்க படைக்கிறது?"

"கொண்டாந்திருவேன், கனகு. சத்தியமா."

புருஷன் வேலை போனால் திதிக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று அவளும் நினைத்திருக்க வேண்டும். துவைத்த சேலைத் துண்டில் அப்பாவைச் சுற்றிக் கொடுத்தாள். "தலைகீழாப் பிடிக்காதீங்க. அப்பாவுக்குக் கிறுகிறுன்னு வரும்" என்றாள்.

சுவரில் நல்ல உயரத்தில் மாட்டிவிட்டால் மீசையை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது குழந்தைவேலு போட்ட கணக்கு. துரைகள் விழாவுக்கு வருவது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத்தானே தவிர, சுவரைப் பார்க்க அல்ல. கணக்கு முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிக்குப் பெயர் டாக்டர் பிங்கர்டன்.

டாக்டர் பிங்கர்டன் வைத்தியர் அல்ல. மண்டைகளையும் மூக்குகளையும் அளந்து புத்தகம் போடுகிறவர். எப்போதும் கையில் ஓர் இரும்புக் கவராயம் வைத்திருப்பார். அதைக் கண்டால் குழந்தைவேலுவுக்கு மூக்கு அரிக்கும். மரண முகங்களில் அசல் எது, போலி எது என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று சபையில் எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார்.

திரை விலகியது. ராஜரத்தினம் மீசையைப் பார்த்தார். அவர் முகம் சுவரில் இருந்த முகத்தைவிட வெளுத்துப்போயிற்று. குழந்தைவேலுவைத் தேடினார். குழந்தைவேலு கூரையில் பல்லி தேடிக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் அரிசி மில் சொந்தக்காரர் ஊ போ லின் உட்கார்ந்திருந்தார். கமிட்டியில் இருந்த ஒரே பர்மியர், வெகு மரியாதைக்காரர். அவர் மெதுவாக எழுந்து, பர்மிய மரியாதைக்கு ஒரு 'சயா' சேர்த்து, "டாக்டர் சயா, படங்களில் எல்லாம் இவருக்கு மீசை இல்லையே?" என்று கேட்டார்.

டாக்டர் ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு படி ஏறி, தூரத்திலிருந்தே கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு திரும்பிப் பேச ஆரம்பித்தார். அவர் இங்கிலீஷில் பேசப் பேச, நன்கொடை கொடுத்த தமிழ் வியாபாரிகளுக்காக ராஜரத்தினம் நடுங்கும் குரலில் மொழிபெயர்த்தார்.

"கனவான்களே! இவன் ஆறு வருஷம் தீவில் நம்முடைய கைதியாக இருந்தவன். கைதியின் கையில் சவரக் கத்தியைக் கொடுக்கிற அசட்டு அரசாங்கமா நம்முடையது? ஆகவே மீசை வளர்ந்தது. பாரிஸில் இருக்கும் முகத்துக்கு மீசை கிடையாது. இதிலிருந்து என்ன தெரிகிறது? பாரிஸில் இருப்பது போலி!"

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. பாரிஸ்காரனை மட்டம் தட்டினால் கைதட்டாத துரை உண்டா?

"காதில் துளை இருக்கிறதே?" என்றார் ஊ போ லின்.

"தீவில் பிறந்தவன். தீவுக்காரர்கள் காது குத்திக்கொள்வார்கள்."

"எந்தத் தீவில், சயா?"

"தீவு என்றால் தீவுதான்" என்று டாக்டர் அந்த விஷயத்தை முடித்தார். "தாடைக்குக் கீழே ஒரு பட்டை தெரிகிறது, பாருங்கள். அது கிரீடத்தின் வார். சாகும்போதும் அவன் கிரீடத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். பேராசைக்காரன்! நெற்றியில் இதென்ன வட்டம்? வட்டத்துக்குள் ஒரு தலை. முடி சூடிய தலை! கனவான்களே, இது நம்முடைய மாமன்னரின் திருமுகமல்லவா!"

செல்லக்கண்ணுவின் நெற்றியில் ஒட்டியிருந்தது சாதாரண ஓரணாக் காசு. டாக்டர் ஏணியில் நின்றபடியே அதற்குத் தலை வணங்கினார்.

"நம்மோடு வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவன், கடைசியில் நம் மன்னரைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு செத்திருக்கிறான்!"

"நம் மன்னர் அப்போது பிறக்கவே இல்லையே, சயா?"

"இன்னும் பிறக்காத மன்னருக்கே பணிந்திருக்கிறான் என்றால், பிறந்திருக்கும் மன்னருக்கு நாம் எவ்வளவு பணிய வேண்டும்! யோசித்துப் பாருங்கள்."

ஊ போ லின் யோசித்துப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த தலைவர் துரை, கைத்தட்டலில் கண் விழித்துத் தாமும் பலமாகத் தட்டினார். உலகத்திலேயே அசலான நெப்போலியன் முகம் ரங்கூனில் மட்டுமே இருக்கிறதென்று அன்றைக்கே தீர்மானம் நிறைவேறிற்று. முகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் டாக்டர் சொன்னதில் ஒரு பங்கு நிஜம்தான். அந்த மண்டபத்தில் செத்த மனுஷன் முகத்திலிருந்து நேராக எடுத்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நகலுக்கு நகல், அதற்கும் நகல்.

நாலைந்து நாளில் ஒட்டிக் காய்ந்த நெப்போலியனைத் தூக்கிக்கொண்டு குழந்தைவேலு ராஜரத்தினத்திடம் போனான்.

"எஜமான், இதோ உங்க ராஜா. எங்க மாமாவைக் குடுத்திருங்க."

ராஜரத்தினம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இந்த மீசையில்லாத மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு ஓடு. சீமைப் பத்திரிகைக்கெல்லாம் தந்தி போயிருச்சு. அதுல என் பேரும் இருக்கு. இனிமே உங்க மாமா உங்க மாமா இல்ல."

"வீட்டுல திதிங்க."

"ராஜாவுக்கு நூறாவது திதியே முடிஞ்சாச்சு! இன்னும் என்ன திதி?"

குழந்தைவேலு அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கனகாம்பாள் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் கொண்டையை முடிந்துகொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள். தர்வான் பெண்டாட்டி மண்டபத்துக்குள் வந்து நின்று அப்பாவைக் கொடு என்றால் துரைகள் என்ன செய்வார்கள்? விசாரணை வைத்தார்கள்.

மேஜைமேல் முதலில் நிஜமான நெப்போலியனை வைத்தார்கள். டாக்டர் கவராயத்தால் நாலு இடம் அளந்துவிட்டு, "இது யாரோ ரொட்டிக் கடைக்காரன் முகம்" என்றார். அத்தோடு அவன் கேஸ் முடிந்தது. பிறகு கனகாம்பாள்.

ராஜரத்தினம் மொழிபெயர்த்தார்: "ஒங்கப்பா எந்த தேசத்தை ஆண்டார்னு டாக்டர் கேக்குறாங்க."

"தொறைமுகத்துல கிரேனை ஆண்டாரு."

"அப்போ ராஜா இல்ல. ராஜா இல்லாதவங்களுக்கு மரண முகம் எடுக்கிற வழக்கம் கிடையாது. அதனால ஒங்கப்பாவுக்கு மரண முகமே இல்லேங்கிறாங்க."

"இருக்குதே! இந்தா கண்ணு முன்னாடி இருக்குதே! அந்தக் காசு எங்க பெரியப்பா ஒட்டுனது. வாய்க்கட்டு அவரு வேட்டியில கிழிச்சுக் கட்டுனது. எங்க ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் கட்டுவாங்க."

டாக்டர் அதைக் கேட்டு இரக்கத்தோடு புன்னகைத்தார். "எங்கள் தேசத்தில் செத்தவர்களுக்கு அப்படிக் கட்டும் வழக்கம் இல்லை. நெப்போலியனுக்கும் யாரும் கட்டியிருக்க முடியாது. ஆகவே அது வாய்க்கட்டு அல்ல."

ஊ போ லின் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பெண்ணின் மூக்கும் இந்த மூக்கும் ஒரே மாதிரி இருக்கிறது, சயா."

டாக்டர் திடுக்கிட்டு, கவராயத்தோடு கிட்டே வந்து, கனகாம்பாளின் மூக்கையும் கண்ணாடிக்கு அப்பாலிருந்த மூக்கையும் அளந்தார். இரண்டும் ஒரே அளவு. மண்டபமே மூச்சுவிடாமல் பார்த்தது. இதோ ஒத்துக்கொண்டுவிடுவார் என்று குழந்தைவேலு நம்பினான்.

"நான் பயந்தது சரிதான்" என்றார் டாக்டர். "கீழ்த்திசைப் பெண்கள் ஒரு பொருளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் சாயல் அவர்களுக்கு வந்துவிடும். இவள் முகம் சக்கரவர்த்தியின் முகத்தைத் திருட ஆரம்பித்துவிட்டது. இனி இவளைக் கிட்டே விடக் கூடாது."

அதையும் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

கனகாம்பாள் கும்பிட்டாள். "ஐயா, எனக்கு ராஜா வேணாம். எங்கப்பாவைக் குடுத்திருங்க. படையல் போட மொகம் வேணும்" என்றாள். ராஜரத்தினம் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. "அவள் சபைக்கு நன்றி சொல்கிறாள்" என்றார். தலைவர் துரை திருப்தியோடு தலையசைத்தார்.

இதற்குமேல் ஒரு வெடியும் இருந்தது. பாரிஸ்காரன் முகத்தில் கரி பூசுவதற்காக முகத்தை லண்டனுக்கு அனுப்புவதென்றும், தசமிக்கு முந்தின நாள் புறப்படும் கப்பலில் டாக்டரே கூடப் போவதென்றும் முடிவாயிற்று. மண்டபத்துச் சுவரில் தொங்க ஒரு நகல் வேண்டுமே! ரங்கூனில் சாந்து வேலைக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். எங்கே சுற்றினாலும் ரங்கநாதனைத்தானே சேவிக்க வேண்டும்! முத்து முகம்மது வந்து கண்ணாடிப் பெட்டியிலிருந்து தம் சிநேகிதரைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அந்த ரொட்டிக் கடைக்காரனையும் வாங்கிக்கொண்டார். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க ஆகும் என்றார்.

"அப்பாவை ஒளிச்சு வச்சிருங்க, சித்தப்பா" என்று அன்று பட்டறைக்கு வந்து கனகாம்பாள் கெஞ்சினாள். "நகலை அவங்ககிட்டக் குடுத்திருங்க."

"ரெண்டும் வரணும்னு கூடவே ஒரு ஜவானை வாசல்ல ஒக்கார வச்சிருக்கானுவளே, தாயி" என்றார் முத்து முகம்மது. கொஞ்ச நேரம் சாந்தைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, "ஒண்ணு பாரு. பொய் சொன்னா மாட்டிக்குவோம். நெசத்தைச் சொல்லிப் பாக்குறேன்" என்றார். அவளுக்கு அது என்னவென்று விளங்கவில்லை.

கப்பல் புறப்படும் நாள் காலையில் கமிட்டி முழுதும் கூடியது. முத்து முகம்மது மேஜைமேல் இரண்டு முகங்களை அருகருகே வைத்தார். இரண்டு செல்லக்கண்ணுகள், இரண்டு மீசை, இரண்டு நெற்றிக் காசு. மூலையில் கோழிச்சிறகோடு நின்ற குழந்தைவேலு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கேட்டது ஒரு முகம். அதுகூட இன்னும் கொஞ்ச நேரத்தில் பெட்டியில் ஏறிக் கடல் தாண்டிவிடும். நான்தான் தூக்கிக் கொடுத்தேன், நான்தான் என்று மனம் அடித்துக்கொண்டது.

"இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, எது அசல்?" என்றார் தலைவர் துரை.

முத்து முகம்மது சலாம் வைத்துவிட்டு ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டினார். "இதாங்க அசல். மீசை ஓரத்துல ஒரு நரைமுடி ஒட்டியிருக்கு பாருங்க. செத்த மனுசனோட முடிங்க அது. அல்லா சத்தியமா இதுதான்."

ராஜரத்தினம் மொழிபெயர்த்ததும் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கனவான்களே, கவனியுங்கள்! போலி செய்கிறவன் எப்படிப்பட்டவன் என்று என் புத்தகத்தில் எழுதியிருக்கிறேனே, அது நேரில் வந்து நிற்கிறது. அசல் எதுவென்று ஒரு சாந்துக்காரன் எனக்குச் சொல்லித் தருவதா? முடியை ஒட்டி ஏமாற்றுவது போலிக்காரனின் பழைய வித்தை! சக்கரவர்த்தியின் மீசை உதிருமா? இவன் எதைக் காட்டினானோ அது நகல். மற்றதுதான் அசல். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பாருங்கள்!"

முத்து முகம்மது நேற்றுத்தான் வார்த்த முகத்தை டாக்டர் தம் கையாலேயே பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்தார்.

"இந்த நகலைச் சுவரில் மாட்டிவிடலாமா?" என்று கேட்டார் ராஜரத்தினம்.

"முடி ஒட்டிய நகலையா? அசலைப் போல இல்லாத நகல் எதற்கு? வேறொன்று வார்க்கச் சொல்லும். இதை உடைத்துப் போடும்!"

குழந்தைவேலுவின் கையிலிருந்து கோழிச்சிறகு நழுவி விழுந்தது. 'ஐயோ' என்று அவனுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவனுக்கு முன்னால் ராஜரத்தினம் பதறினார். அவருக்குப் பதற்றம் செல்லக்கண்ணுவுக்காக அல்ல.

"உடைக்கலாகாது, டாக்டர்! விதி இருக்கிறது. சபைக் கட்டடத்துக்குள் எந்த ராஜ முகமும், அசலானாலும் போலியானாலும், உடைபடலாகாது. நானே போட்ட விதி."

விதி என்றதும் எல்லோரும் எழுந்து நிற்காத குறைதான். "அப்படியானால் வெளியே கொண்டுபோய் எறியட்டும்" என்றார் டாக்டர். "தர்வான், இதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸண்டாங் ஓடையில் போட்டுவிட்டு வா!"

குழந்தைவேலு முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். ராஜாவாகக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தவரைக் குப்பையாக வெளியே கொண்டுபோகும்போதுதான் அவனுக்கு உயிர் வந்தது. வாசல் வரைக்கும் மெதுவாக நடந்தான். வாசல் தாண்டியதும் ஓட்டம் பிடித்தான். ஓடும்போதுகூட மாமாவைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை.

கனகாம்பாள் கதவைத் திறந்தாள். முகத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பி, மீசை ஓரத்தில் விரல்நுனியை வைத்தாள். முடி இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மோல்மேன் கப்பலிலிருந்து இறங்கிய அன்று அழுததைப் போலவே அழுதாள். குழந்தைவேலுவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அதில் அவனுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மறுநாள் தசமி. முத்து முகம்மதும் வந்தார். லத்தாவில் ஓர் அதிசயம் நடக்கிறதென்று சொல்லிக்கொண்டே வந்தார்; கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த நெப்போலியனை ஏதோ தெய்வமென்று நினைத்துப் பக்கத்துக் கடைச் சீனக் கிழவி தினம் ஊதுவத்தி ஏற்றுகிறாளாம். "எங்க போனாலும் அவனுக்கு யோகந்தான்" என்றார். தலைவாழை இலை போட்டுச் சோறும், வாழைக்காய்ப் பொரியலும், செல்லக்கண்ணுவுக்கு உயிரான கருவாட்டுக் குழம்பும் படைத்தார்கள். கனகாம்பாள் அப்பாவின் நெற்றிக் காசுக்கு மேலே விபூதி இட்டு, தண்ணீர் செம்பைக் கிட்டே நகர்த்தி வைத்தாள்.

"இத்தனை நாளு ராஜாவா இருந்தீங்களே, அப்பா" என்றாள். "அவனுங்கள்ல ஒருத்தனாவது ஒருவாய்ச் சோறு வச்சானா?"

காக்கை வந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு போயிற்று. அதன் பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். பந்தியில் முத்து முகம்மது மறுசோறு வாங்கினார்.

அடுத்த நாள் காலை சபையில் வழக்கம்போல ஆஜர் எடுத்தார்கள். சுவரில் மூன்றாவது ஆணியில், முடி ஒட்டாத புது நகல் மீசையோடு தொங்கிற்று. ராஜரத்தினம் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"குரோம்வெல்?"

"ஆஜர், எஜமான்."

"பிரெடரிக்?"

"ஆஜர், எஜமான்."

"நெப்போலியன்?"

குழந்தைவேலு சுவரைப் பார்த்தான்.

"சாப்பிட்டாச்சு, எஜமான்" என்றான்.